லிஃப்ட் கிட் முதலில் அல்ல: ஆஃப்ரோடு வண்டியை எந்த வரிசையில் மாற்றுவது

இந்தப் பித்து பிடித்தவர்களை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். வழியில் ஒரு ஜீப் நின்றால் அதன் நிறத்தையோ விளக்கையோ பார்க்க மாட்டார்கள். குனிந்து, பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் பகுதி) எவ்வளவு கீழே தொங்குகிறது என்று பார்ப்பார்கள். நானும் அந்த வகைதான். என்னிடம் இருப்பது மூன்று கதவு சுசுகி ஜிம்னி, 2018இல் வந்த நான்காம் தலைமுறை. தூக்கம் வராத இரவுகளில் டயர் விட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

பித்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு இயந்திரத்தை நட்டு நட்டாகத் தெரிந்துகொள்ள வைக்கிற ஆசை நல்ல ஆசை. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் மட்டும் எனக்குத் திடமான கருத்து உண்டு. ஆஃப்ரோடு வண்டியில் எந்த மாற்றமும் தனியாக வராது. பெரிய டயர் போட்டால் உயரம் கேட்கும். லிஃப்ட் கிட், அதாவது உயரமான ஸ்பிரிங் தொகுப்பு, போட்டு உயரம் கூட்டினால் ஸ்டீயரிங் நிலை மாறும். அதைச் சரிசெய்யப் போனால் புஷ், ராடு, பிரேக் ஹோஸ் என்று பட்டியல் நீளும். இந்தச் சங்கிலியை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர் கொஞ்சமாக மாற்றி நிறைய தூரம் போவார். அதனால் கீழே நான் சொல்லும் வரிசைதான் இங்கே முக்கியம். பாகங்கள் அதற்கு அடுத்தபடி.

வாங்கும் முன்

மூன்று விஷயங்கள் இருக்கிறதா என்று பாருங்கள்: லேடர் ஃபிரேம் சேஸிஸ் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்), லோ ரேஞ்ச் (மிக மெதுவான, பலமான கியர்) உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி), கேபினுக்குள்ளிருந்தே ஃபோர் வீல் போடும் வசதி. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், இறங்கி முன்சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்பைத் திருகவேண்டியிருக்கும், அவ்வளவுதான். முதல் இரண்டும் இல்லாத வண்டியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். எல்லாச் சக்கரங்களுக்கும் சக்தி போகிறது என்பதற்காக ஒரு கிராஸ்ஓவர் (கார் அடித்தளத்தில் செய்த எஸ்யூவி) பாறை ஏறாது. ஜல்லிப் பாதைக்கும் ஈரச் சாலைக்கும் அது நல்ல வண்டி, அங்கே அதை மதிக்கிறேன்.

லோ ரேஞ்ச் ஏன் அவ்வளவு முக்கியம்? முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் வருவது கிரால் ரேஷியோ. மேனுவல் ஜிம்னியில் 4.425, 2.002, 4.090 ஆகிய மூன்றையும் பெருக்கினால் சுமார் 36 வரும். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற என்ஜின் 36 சுற்று சுற்றுகிறது. ஜீப் ரேங்ளர் ரூபிகானில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றே வேகத்தை 4 மடங்கு குறைத்துவிடுகிறது, அதனால் மேனுவல் ரூபிகானில் இந்த எண் 84ஐத் தாண்டும். எண் பெரிதாக இருந்தால் பிரேக்கைத் தொடாமல், நடந்து போகிறவரின் வேகத்தில் செங்குத்தான இறக்கத்தில் இறங்கலாம், ஒரு கல்லின் மேல் சக்கரத்தை மெதுவாக ஏற்றி நிறுத்தலாம். குதிரைத்திறனைவிட இந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது கோணங்கள். என் வண்டிக்கு அப்ரோச் 37 டிகிரி, பிரேக்ஓவர் 28, டிபார்ச்சர் 49, தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். முன் பம்பர் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறலாம் என்பது முதல் எண். நடுவயிறு தட்டாமல் எவ்வளவு கூரான மேட்டைத் தாண்டலாம் என்பது இரண்டாவது. இறங்கும்போது பின்பக்கம் உரசாமல் இருக்க மூன்றாவது. நீளமான வண்டிகள் பெரும்பாலும் நடு எண்ணில்தான் தோற்கும். நான்கு கதவா இரண்டு கதவா என்று தடுமாறுகிறவர்கள் இருக்கையை எண்ணுவதோடு இந்த எண்ணையும் பார்க்கட்டும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஒரு நல்ல டார்ச்சும் தரையில் விரிக்க ஒரு பாயும் எடுத்துக்கொண்டு போங்கள். அடியில் படுக்கவேண்டும், வேறு வழியே இல்லை. சேஸிஸின் பின்பகுதி, பாடி மவுன்ட் உட்காரும் இடங்கள், ஸ்பிரிங் தாங்கிகள் ஆகியவற்றில் துரு தின்றிருக்கிறதா என்று ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென்று சத்தம் தரும். பழைய வண்டியின் அடிவயிற்றில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம் வரும். டிஃபரன்ஷியல் ஆயிலின் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்க்க விற்பவர் அனுமதிக்கட்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ள உருண்டையான நக்கிள் பகுதியில் கிரீஸும் ஆயிலும் கலந்து வழிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பினின் பேரிங்கோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கும். கடைசியாக, மண் தரையில் லோ ரேஞ்ச் போட்டு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பல வருடம் தொடாத லீவர் இறுகிப்போயிருக்கும், சில வண்டிகளில் விழவே விழாது.

ஏற்கெனவே நிறைய மாற்றங்கள் செய்த வண்டி விலைக்கு வந்தால் எனக்கு ஆசையைவிட எச்சரிக்கைதான் அதிகம். பிரேக் ஹோஸ் எப்படிப் போகிறது, வெல்டிங் எப்படி இருக்கிறது, வயர்களில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால், மாற்றிய கை நல்ல கை.

கையில் வந்ததும்

வண்டி வந்த வாரமே பாகம் ஆர்டர் செய்யாதீர்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே கொஞ்ச காலம் ஓட்டுங்கள். அது எங்கே தோற்கிறது என்பதை அதுவே சொல்லவேண்டும், படங்கள் சொல்லக்கூடாது. இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. டிஃபரன்ஷியல் உறை, சஸ்பென்ஷன் ஆர்ம் பிராக்கெட், டிரான்ஸ்ஃபர் கேஸின் கீழ்த்தகடு, பம்பரின் கீழ்விளிம்பு ஆகியவற்றில் வெள்ளை பெயின்ட் ஒரு பூச்சு. கரடுமுரடான பாதையில் போய்வந்து அடியில் படுத்துப் பார்த்தால், பெயின்ட் உரிந்த இடம்தான் பாதுகாப்புத் தகடு கேட்கும் இடம். பல வண்டிகளில் பின் ஆர்ம் பிராக்கெட்டுகள்தான் முதலில் உரியும். எல்லோரும் கவலைப்படும் என்ஜின் அடித்தகட்டில் பல நேரம் கீறலே இருக்காது.

இந்தக் காலத்தில் கற்றுக்கொள்ளவேண்டியது இன்னொன்று. ஜிம்னி போன்ற பார்ட் டைம் ஃபோர் வீல் (நாம் போட்டால் மட்டும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும்) வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். மண்ணில் அந்த வித்தியாசம் சக்கரம் சறுக்குவதால் தீர்ந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் சறுக்க வழியில்லை, முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஏறும். அதனால் பிடிமானம் உள்ள சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக்கூடாது. எப்போது போடுவது? சிக்கிய பிறகு போடாதீர்கள், சேறோ மணலோ கண்ணுக்குத் தெரிந்ததும் போட்டுவிடுங்கள்.

டயரும் காற்றும்

நான் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்று யாராவது விதித்தால், யோசிக்காமல் டயரைத்தான் எடுப்பேன். தரையைத் தொடுவது அது மட்டும்தானே.

முதலில் அளவு. 195/80 ஆர் 15 என்பது என் வண்டியின் அசல் அளவு. 195 மில்லிமீட்டர் அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், அதாவது 156. மேலும் கீழும் சேர்த்து 312. நடுவில் 15 அங்குல ரிம், 381 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 693. இதே கணக்கில் 215/75 ஆர் 15 டயர் 703.5 வருகிறது. ஆக்சில் உயர்வது அந்த வித்தியாசத்தில் பாதிதான், 5 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733.5, ஆக்சில் 20 மில்லிமீட்டர் உயரும். ஆனால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாக ஓடும், எல்லாக் கியரும் அதே அளவு பலவீனமாகும், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் எங்கேயாவது உரசலாம். இந்த நான்கு வரிக் கணக்கைக் காகிதத்தில் போடாமல் யாரும் டயர் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் டயரா, சேற்றுக்கான மட் டெரெய்ன் டயரா என்ற கேள்விக்கு என் பதில் பெரும்பாலானவர்களுக்கு ஆல் டெரெய்ன்தான். மட் டெரெய்னின் பெரிய கட்டைகளும் அகலமான இடைவெளிகளும் ஆழமான சேற்றைத் தானே உதறித் தள்ளும், அது அழகான காட்சி. ஆனால் மழை நனைத்த தார்ச்சாலையில் அந்தக் கட்டைகளுக்குத் தரைத்தொடர்பு குறைவு, பிரேக் தூரம் நீளும், இரைச்சலும் அதிகம். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி சாலை என்றால் அந்த விலையைத் தினமும் கொடுக்கிறீர்கள். எதை வாங்கினாலும் டயரின் சுமை எண்ணும் வேக எழுத்தும் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில் கனமான டயர் கதவுக் கீலைத் தின்னும், அதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது காற்று. புது டயர் வாங்கும் முன்பே செய்யக்கூடியது, எந்தப் பாகத்தையும்விட அதிகம் மாற்றுவது. காற்றை இறக்கினால் டயர் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தரையில் படும் தடம் முக்கியமாக நீளவாக்கில்தான் வளர்கிறது. நீண்ட தடம் மணலில் புதையாமல் மிதக்கும், கல்லின் மேல் வளைந்து பிடிக்கும், உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்கள் முதுகையும் காப்பாற்றும்.

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம்தான் சாலைக்கு. பெரும்பாலும் 26 முதல் 36 பிஎஸ்ஐக்குள் இருக்கும். கல்லும் குழியுமான பாதையில் அதிலிருந்து நான்கில் ஒரு பங்கு குறைப்பேன். மணலில் 16 முதல் 18 வரை இறக்குவேன், வண்டி இன்னும் திணறினால் 14. சாதாரண ரிம்மில் அதற்குக் கீழே போனால் சட்டென்று திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம், டயர் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இருந்தால்தான் அந்த எல்லைக்குக் கீழே துணிவேன். குறைந்த காற்றில் வேகம் கூடாது. பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறும், அந்தச் சூடு டயரை உள்ளிருந்தே அழிக்கும். ஆகவே காற்றை இறக்கும் கருவியோடு காற்றை ஏற்றும் கம்ப்ரஸரும் வண்டியில் இருக்கவேண்டும். பேட்டரியிலிருந்து நேரடியாகக் கிளிப் போடும் வகையை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்னது நான்கு டயரை நிரப்புவதற்குள் ஃபியூஸைச் சாப்பிட்டுவிடும்.

ஒரே அளவுமானியை எப்போதும் பயன்படுத்துங்கள். இரண்டு மானிகள் ஒரே எண்ணைக் காட்டுவது அரிது. எப்போதும் ஒன்றையே நம்பினால், அது காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் உங்கள் ஒப்பீடு சரியாக இருக்கும்.

சிக்கிக்கொண்டால் வெளியே வர

டயருக்கு அடுத்தபடி மீட்புச் சாமான். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட் செய்யப்பட்ட, சுமை அளவு பொறித்த மீட்புக் கொக்கி வேண்டும். டிரெய்லர் இழுக்கும் டோ பாலில் பட்டையை மாட்டி இழுக்கவே கூடாது. அந்த உருண்டை நிலையான, மெதுவான இழுப்புக்குச் செய்யப்பட்டது. ஸ்னாட்ச் பட்டை நீண்டு சுண்டி இழுக்கும்போது உருண்டை முறிந்தால், எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துப் போகும். இப்படி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். லாரியில் வண்டியை ஏற்றிக் கட்டுவதற்காக வைத்திருக்கும் மெல்லிய வளையங்களும் இதற்கு உதவாது.

ஸ்னாட்ச் பட்டை நைலான், இழுத்தால் 20 சதவீதம், சில 30 சதவீதம் வரை நீளும். அந்த நீட்சியில் சேரும் சக்திதான் சிக்கிய வண்டியைப் பிடுங்குகிறது. பட்டையின் முறியும் வலிமை சுமையேற்றிய வண்டி எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கட்டும். அதைவிடக் கனமான பட்டை சரியாக நீளாது, அதிர்ச்சி முழுவதும் சேஸிஸில் இறங்கும். இரும்புச் சங்கிலியைச் சுண்டி இழுக்கப் பயன்படுத்தவே வேண்டாம். பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் வில் வடிவ வளையமான 19 மில்லிமீட்டர் போ ஷாக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும். எழுத்தே இல்லாத ஷாக்கிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அலங்காரப் பொருள்தான். பின்னை முழுதும் இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் இழுப்புக்குப் பிறகு கழற்ற முடியாதபடி பிடித்துக்கொள்ளும்.

இழுக்கும்போது ஓட்டுநர்களைத் தவிர மற்ற எல்லோரும் தள்ளி நிற்கட்டும், பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு. இரண்டு வண்டிக்கும் நடுவே யாரும் கடக்கக் கூடாது. யார் சைகை காட்டுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள், ஒருவர் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் முதலில் எடுப்பது மண்வெட்டியைத்தான். சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணை அள்ளி, வயிறு தட்டி நிற்கும் இடத்தைத் தோண்டி, காற்றை இன்னும் இரண்டு பிஎஸ்ஐ இறக்கி, டிராக்‌ஷன் பலகையைச் சக்கரத்தடியில் நுழைத்தால் பெரும்பாலும் பட்டையை வெளியே எடுக்கவே வேண்டியிருக்காது. தனியாகப் போகிறவருக்கு மண்வெட்டி, காற்றை இறக்கும் கருவி, பலகை ஆகிய மூன்றும் வின்ச்சைவிட (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) முக்கியம்.

தண்ணீர்

ஸ்னார்க்கெல் போட்ட வண்டி படகு ஆகாது. என்ஜினுக்குள் காற்று போகும் குழாயின் வாயை மட்டும்தான் அது உயர்த்துகிறது. கதவு, வயரிங், மின்விசிறி, ஆக்சில் எல்லாம் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஆழமான தண்ணீரில் அது தேவை, காரணம் எளிது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். நடுத்தண்ணீரில் என்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெளியே இழுத்து, ஸ்பார்க் பிளக்கையோ டீசல் என்றால் இன்ஜெக்டரையோ கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொடவேண்டும்.

ஸ்னார்க்கெலுக்கு முன்பாகவே செய்யவேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. டிஃபரன்ஷியலுக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த வழியில் எதையாவது உறிஞ்சும். மூச்சுக்குழாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். ஒரு ரப்பர் குழாயை நீட்டி, என்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டினால் வேலை முடிந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் அதேதான்.

ஆழத்துக்குக் கம்பெனி சொன்ன அளவே எல்லை. ரேங்ளருக்கு 762 மில்லிமீட்டர், 2020இல் வந்த லேண்ட் ரோவர் டிஃபென்டருக்கு ஏர் சஸ்பென்ஷனோடு 900. ஓடும் தண்ணீரில் அதில் பாதியையும் நம்பாதீர்கள். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும் பலத்துக்கு இலகுவான வண்டி தாங்காது.

உயரம் கூட்டுவது

இப்போது எல்லோரும் முதலில் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட் கிட்.

ஸ்பிரிங்கை உயரமாக்கினால் உயர்வது பாடிதான். ஆக்சில் அதே இடத்தில் இருக்கும். சாலிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் ஒரே கெட்டியான ஆக்சில் இணைக்கும்) வண்டியில் மிகக் கீழே தொங்குவது டிஃபரன்ஷியல், அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. அப்படியானால் லிஃப்ட் எதற்கு? மூன்று கோணங்களும் நன்றாகும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், நீளமான ஷாக் அப்சார்பர் போட்டால் சக்கரம் இன்னும் கீழே தொங்கித் தரையைத் தேடும். இவை நல்ல காரணங்கள்தான். பெயின்ட் உரிந்த இடங்களும் உரசும் டயரும் கேட்டால் செய்யுங்கள், பார்வைக்காகச் செய்யாதீர்கள்.

ஜிம்னியில் 50 மில்லிமீட்டர் லிஃப்ட் போட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன். முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய, ஆக்சில் சற்றே சுழலும். அதனால் காஸ்டர் கோணம் குறையும். ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதற்கு அந்தக் கோணம்தான் காரணம், குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். துளை நடுவிலிருந்து விலகிய காஸ்டர் புஷ் போட்டால் சரியாகும். அடுத்து பான்ஹார்ட் ராடு. ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை ஆக்சிலிலும் இருக்கும் இது ஒரு வட்டப்பாதையில் ஊசலாடுவதால், பாடி உயர்ந்ததும் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடும், அதிர்வு வந்தால் யுனிவர்சல் ஜாயின்ட் தேய ஆரம்பித்துவிட்டது. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இறுகுகின்றனவா என்று ஜாக் வைத்துப் பார்க்கவேண்டும். சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை நீட்டவேண்டும், இல்லாவிட்டால் பெரிய டயர் மேலே வந்து பாடியில் மோதும். ஹெட்லைட்டைக் கீழே இறக்கிச் சீரமைக்கவேண்டும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்ய நமக்கு உரிமை இல்லை. இத்தனைக்கும் பிறகு புவியீர்ப்பு மையம் உயர்ந்திருக்கும், பக்கவாட்டுச் சரிவில் முன்பு போன இடத்துக்கு இப்போது போகக் கூடாது.

இந்தப் பட்டியலில் பாதியைச் செய்து பாதியை விட்டால் வரும் நோய்தான் ஸ்டீயரிங் நடுக்கம். சாலிட் முன் ஆக்சில் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சின்னக் குழியில் விழுந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் பயங்கரமாக உதறும். ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல் மெதுவாக வேகத்தைக் குறைத்தால் நிற்கும். காரணம் தேய்ந்த பான்ஹார்ட் புஷ், கிங்பின் பேரிங், டை ராடு எண்ட், பேலன்ஸ் தவறிய டயர் இவற்றில் ஒன்று. கனமான ஸ்டீயரிங் டாம்ப்பர் போட்டு இதை மறைக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். தேய்ந்த பாகம் அப்படியே இருக்கும், அடுத்தமுறை இன்னும் அதிக வேகத்தில் உதறும்.

என் அபிப்பிராயம், தினசரி ஓட்டமும் உள்ள வண்டிக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் போதும். அந்த அளவில் மேலே சொன்ன சங்கிலியில் சில கண்ணிகளே விழித்துக்கொள்ளும்.

லாக்கர், வின்ச், எடை

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுற்ற விசையே தேவையில்லை, அதனால் மறுசக்கரத்துக்கும் ஏதும் கிடைக்காது. இதனால்தான் நல்ல பிடிமானத்தில் ஒரு சக்கரம் இருந்தும் வண்டி நகராமல் நிற்கிறது. லாக்கர் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். லோ ரேஞ்சில் ஜிம்னி சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மறுசக்கரத்துக்கு விசை அனுப்பும், பல இடங்களில் அதுவே போதும். ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக வைத்திருந்தால் அது வேலை செய்யக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். குறுக்குப் பள்ளங்களில் இதையும் தாண்டித் தோற்றால் பின் ஆக்சிலுக்கு லாக்கர் போடுங்கள். பூட்டிய நிலையில் திருப்பங்களில் ஆக்சில் ஷாஃப்ட் முறியும் ஆபத்து இருப்பதால், தடை தாண்டியதும் விடுவித்துவிடவேண்டும்.

வின்ச்சின் திறன் வண்டியின் மொத்த அனுமதி எடையைப்போல் ஒன்றரை மடங்கு. பெட்டியில் எழுதிய எண் டிரம்மின் முதல் சுற்றடுக்கில் மட்டுமே உண்மை, கயிறு மேலே அடுக்கடுக்காக ஏற ஏற இழுவை குறையும். ஆகவே முடிந்தவரை கயிற்றை வெளியே இழுத்துத் தூரத்து மரத்தில் அகலமான பட்டையோடு கட்டுங்கள். கப்பி ஒன்று சேர்த்தால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு. எஃகுக் கம்பியைவிட செயற்கை இழைக் கயிறு எனக்குப் பிடிக்கும், இலகு, அறுந்தால் எஃகுபோல் வீசியடிக்காது. எந்தக் கயிறானாலும் நடுவில் கனமான ஒரு துணியைப் போட்டுவிட்டுத்தான் இழுப்பேன்.

எடையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ஜிம்னியின் காலி எடைக்கும் 1,435 கிலோ மொத்த அனுமதி எடைக்கும் நடுவே சுமார் 300 கிலோதான் இருக்கிறது. இரண்டு பேர் ஏறினால் பாதி போச்சு. எஃகு பம்பர், வின்ச், கூரை ரேக், கனமான டயர், கருவிப் பெட்டி என்று சேர்த்தால் மீதியும் முடிந்து, சாப்பாடும் தண்ணீரும் வைக்க இடமில்லை. கூரையில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் தரைக்கு அருகே வைப்பதைவிட மோசம். 2007இல் சிலியில் ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையின் மேல் 6,688 மீட்டர் வரை ஏறியது, மாற்றியமைக்கப்பட்ட ஒரு சின்ன சுசுகி சமுராய். இலகுவாக இருப்பது குறை அல்ல, அதுதான் இந்த வண்டிகளின் பலம். ஒவ்வொரு பாகத்தையும் வாங்கும் முன் அதன் எடையை ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்த அனுமதி எடையைத் தாண்டினால் பிரேக்கும் காப்பீடும் இரண்டும் கேள்விக்குள்ளாகும். மாற்றங்களைப் பதிவு செய்யவேண்டிய சட்டம் ஊருக்கு ஊர் வேறு, பாகத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே உங்கள் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. ரிலே, ஃபியூஸ், பொதுச்சாலையில் மூடி. போதும்.

போய்வந்த பிறகு

எந்தப் பாகத்தைப் பொருத்தினாலும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முடுக்கி, போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, ஸ்பேனர் இல்லாமலே தெரிந்துவிடும். சஸ்பென்ஷன் போல்ட்டுகளை வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முடுக்கவேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி எல்லாவற்றையும் பாருங்கள்.

அடிவயிற்றை நன்றாகக் கழுவுங்கள். சேஸிஸ் துளைகளுக்குள் தங்கும் ஈரச்சேறுதான் துருவுக்குத் தொட்டில், உப்புத் தண்ணீர் தொட்டிருந்தால் அன்றே கழுவவேண்டும். ஒரு இடத்தின் களைவிதை டயரில் ஒட்டி அடுத்த இடத்தில் முளைப்பதும் இதனால் நிற்கும். மழை ஊறிய பாதையில் போகாமல் காத்திருப்பதும், பாதையை விட்டு விலகிப் புதுத்தடம் போடாமல் இருப்பதும் அந்த வழிகள் நமக்குத் திறந்தே இருக்கச் செய்கிறவை.

கழற்றிய அசல் ஸ்பிரிங், ஷாக், போல்ட் எதையும் தூக்கிப்போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம், முன்னா பின்னா என்று எழுதிய அட்டையைக் கட்டி, ஆயில் தடவி, ஒரு பெட்டியில் வையுங்கள். சட்டம் மாறினாலும், வண்டியை விற்க நேர்ந்தாலும், புதிய ஷாக் நடுவழியில் கசிந்தாலும் அந்தப் பெட்டி தேவைப்படும்.